பஸ்ஸே ஏறாத ஊரு பஸ்ஸை மறிச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மேலப்பட்டிக்குப் போகணும். "திங்கக்கெழமையிலேருந்து பஸ்ஸு இங்க நிக்காது"ன்னு சொல்லணும். திரும்பி வரணும்.

யுத்த காலம். புதுக்கோட்டையில ஒரு பஸ் முதலாளிகிட்ட நான் கண்டக்டரா இருந்தேன். பெட்ரோல் கெடைக்கல, அதனால எங்க வண்டி அடுப்புக்கரியில ஓடிச்சு. வண்டி முதுகுல ஆள் ஒசரத்துக்கு ஒரு அடுப்பு. அதுல கரியைப் போட்டு மூட்டி, அதுலேருந்து வர்ற புகையில இன்ஜின் ஓடணும். ஆலங்குடி போய்ச் சேர்றதுக்குள்ள எங்கயாவது நிப்பாட்டி, அடுப்பைக் கிளறி விட்டு, இன்ஜினுக்குத் தண்ணி ஊத்தணும்.

அப்படி நாங்க நிப்பாட்டுற எடம்தான், வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருக்கிற மேலப்பட்டி.

அங்க பஸ்ஸு நிக்குமே தவிர, ஒரு ஆளு ஏறுனது கெடையாது. கடலை மூட்டையை மாட்டு வண்டியில ஏத்துவாங்க, அவங்க நடந்து போவாங்க. மரத்துல காக்கா வந்து உக்காந்தா எப்படிப் பார்ப்பாங்களோ, அப்படித்தான் எங்க பஸ்ஸையும் பார்ப்பாங்க.

"கீழப்பட்டியில ரோட்டோரமே கெணறு இருக்குய்யா. இனிமே வண்டி அங்க நிக்கட்டும்" னாரு முதலாளி. "மேலப்பட்டியில ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. சொல்லாமச் செஞ்சா மரியாதையா இருக்காது."

ஒரு வார்த்தைன்னுதான் சொன்னாரு. கெரகம், எனக்கு அப்ப மேடைப் பேச்சு ஆசை பிடிச்சிருந்த நேரம். டவுனுல எந்தக் கூட்டம் நடந்தாலும் முன் வரிசையில போய் உக்காருவேன். போற வழி பூரா வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கிட்டுப் போனேன். "மேலப்பட்டிப் பெரியோர்களே"ன்னு ஆரம்பிக்கிறதாத் திட்டம்.

வேப்பமரத்தடியில பத்துப் பதினஞ்சு பேரு உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ஊரு அம்பலம் கருப்பையா. ஊர்ல எது நடந்தாலும் கடைசி வார்த்தை அவரோடது.

நான் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சரி தம்பி" ன்னாரு அம்பலம். "கடலை திங்கிறீங்களா?"

அம்புட்டுத்தான். முடிஞ்சு போச்சு. அப்பவே கடலையை வாங்கித் தின்னுட்டு எந்திரிச்சிருக்கணும்.

"நான் சொன்னது புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது. நிக்காது."

"அதுல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையா?"

"நின்னப்பவே நாங்க ஏறுனதில்லையே."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இம்புட்டுத் தூரம் நடந்து வந்தவனுக்கு ஒரு "அடடா"கூடவா கெடையாது?

"நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன செய்வீங்க? ஆளுக்கு ஒடம்பு முடியலைன்னா? டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா?"

கடலை உரிச்சுக்கிட்டு இருந்த அழகாயின்ற அம்மா தலையைத் தூக்குனாங்க. வாட்டசாட்டமான மனுஷி. "போன மாசம் எங்க வீட்டுக்காரரு வயித்து வலியில துடிச்சாரு. அப்ப இந்தப் பஸ்ஸு நெனப்பே எனக்கு வரலையே."

"வந்திருக்கணும்ல?"

அந்தம்மா யோசிச்சாங்க. "வந்திருக்கணும்தான்."

ஆகா, ஒருத்தர் கேக்குறாங்கன்னு எனக்குத் தெம்பு வந்துருச்சு. பஸ்ஸால வர்ற நன்மைகளை எடுத்துவிட்டேன். டவுனுல கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கலாம், கோர்ட்டு வாய்தாவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம், வெயில்ல நடக்க வேண்டாம், மழையில நனைய வேண்டாம். பேசப் பேச ஆளுங்க வீட்டுக்குள்ளேருந்து எறங்கி வந்து நின்னாங்க. எனக்குக் கூட்டம் சேருதுன்னு நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

"அப்ப இம்புட்டையும் எங்ககிட்டயிருந்து எடுக்கப் போறீங்களா?" ன்னாங்க அழகாயி.

இப்படி ஒரு கேள்வி வரும்னு நான் ஒத்திகை பார்க்கல.

"நான் இல்லீங்க. முதலாளி."

"எடுத்து எங்க கொண்டுபோய் வைக்கிறாரு?"

"கீழப்பட்டியில."

கடலை உரிக்கிற சத்தம் நின்னு போச்சு.

அந்த ரெண்டு ஊருக்கும் தேருல யாரு மொதல்ல வடம் பிடிக்கிறதுன்னு தீராத தகராறு இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? அம்பலம் மடியில இருந்த முறத்தை எடுத்துக் கீழ வச்சாரு.

"கீழப்பட்டியிலயா."

"அந்த ஊரு ஒசத்தின்னு இல்லீங்க. அங்க கெணறு இருக்கு, அதுக்காகத்தான்."

"அப்ப எங்க ஊருல தண்ணி இல்லைன்றீங்க."

"இருக்குங்க. ரொம்ப நல்ல தண்ணி."

"நல்ல தண்ணி இருக்கிற ஊரை விட்டுட்டு அங்கிட்டுப் போறீங்க."

நான் எந்தப் பக்கம் கால வச்சாலும் சேறாவே இருந்துச்சு. நல்ல வேளையா, பின்னாடியிருந்து ஒருத்தரு பெருமூச்சு விட்டாரு. "நம்ம என்னத்தச் செய்ய முடியும். வண்டி அவங்களோடது." எல்லாரும் "ஆமா"ன்னு தலையாட்டுனாங்க. கூட்டம் கலையப் பார்த்துச்சு. அம்பலம் முறத்தைத் திரும்ப எடுத்துட்டாரு.

இங்கயாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனா அவங்க மொகம் வாடிப் போறதைப் பார்த்ததும் ஆறுதல் சொல்லணும்னு தோணிருச்சு.

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க எல்லாரும் ரோட்டுல உக்காந்தா வண்டி எப்படிப் போகும்? நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்ற நம்பிக்கையிலதானே முதலாளி என்னையத் தனியா அனுப்பி வச்சாரு."

புகழ்ந்து பேசுறதா நெனச்சுத்தான் சொன்னேன்.

அம்பலம் என்னைய உத்துப் பார்த்தாரு. "உக்காந்தா போகாதா?"

"எப்படிங்க போகும்? அது கரி வண்டி. வழியில நெருப்பு அமந்து போச்சுன்னா திரும்பக் கெளப்புறதுக்குள்ள உசுரு போயிரும்."

இதையும் நான்தான் சொன்னேன். யாரும் கேக்கல.

வரும்போது மடி நெறையக் கடலை கட்டிக் கொடுத்தாங்க. அழகாயி ரோடு வரைக்கும் கூட வந்து, "ரொம்ப நல்லவரு நீங்க" ன்னாங்க. முதலாளி கேட்டப்ப, "நல்லாக் கேட்டுக்கிட்டாங்க" ன்னு சொன்னேன்.

திங்கக்கெழமை. கீழப்பட்டிக் கெணத்தைத் தானே பார்க்கணும்னு முதலாளியும் வண்டியில ஏறி, முன் சீட்டுல உக்காந்துக்கிட்டாரு. மேலப்பட்டி நெருங்குச்சு. டிரைவர் ஆரோக்கியம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாரு.

"என்னங்க, ஊரே ரோட்டுல உக்காந்திருக்கு? திருவிழாவா?"

ரோட்டுக்குக் குறுக்க பாய் விரிச்சிருந்தாங்க. கட்டில் போட்டிருந்தாங்க. ஒரு எருமைகூடப் படுத்திருந்துச்சு. கடலையும் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, வேலை கெடக்கூடாதுல்ல. ஆரோக்கியம் பிரேக்கை மிதிச்சாரு. வண்டி ரெண்டு தடவை இருமிட்டு அமந்து போச்சு.

அம்பலம் எந்திரிச்சு வந்தாரு. முதலாளியைத் தாண்டி நேரா என்கிட்ட வந்து கும்புட்டாரு.

"வாங்க தம்பி. நீங்க சொன்னபடியே உக்காந்துட்டோம்."

அழகாயி என் கழுத்துல ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டாங்க. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, கல்யாணம் தவிர வேற எதுக்கும் என் கழுத்துல மாலை விழுந்ததில்லை. நான் ஆசைப்பட்ட கூட்டம், நான் ஆசைப்பட்ட மாலை. முதலாளி மொகத்தைத்தான் என்னால பார்க்க முடியல.

"இவங்களுக்கு நீ என்னய்யா சொன்ன?"

"நிக்காதுன்னுதாங்க சொன்னேன்."

"இப்ப நிக்குதே. இனிமே நீ வேலைக்கு வர வேண்டாம்."

வீட்டுல சமைஞ்ச தங்கச்சி ரெண்டு பேரு. யுத்த காலத்துல வேற வேலைக்கு எங்க போறது? ஆனா கூட்டம் சும்மா இல்லை.

"அவரை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா நாங்க எந்திரிக்க மாட்டோம்" ன்னாரு அம்பலம். "எங்களுக்கு வழி காட்டுனவரு."

"வழி காட்டலீங்க" ன்னேன் நான்.

"பார்த்தீங்களா, எம்புட்டு அடக்கம்" ன்னாங்க அழகாயி.

அவங்க எனக்காகப் பேசப் பேச, என் மேல இருந்த குத்தம் உறுதியாகிக்கிட்டே போச்சு. வண்டிக்குள்ள இருந்த ஆலங்குடிக்காரங்க கத்த ஆரம்பிச்சாங்க. வெயில் ஏறிக்கிட்டே வந்துச்சு. கடைசியில முதலாளி எறங்கி வந்து, துண்டால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, "சரி. இங்கயே நிக்கும். இவனும் இருப்பான். ஆனா ஒரு வெவரம் சொல்லுங்க. யாரு இதுல ஏறப் போறீங்க?" ன்னாரு.

ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. போராட்டத்துல அந்தப் பகுதியை யாரும் யோசிக்கல.

"நான் ஏறுறேன்" னு அழகாயி வண்டிக்குள்ள வந்து உக்காந்தாங்க. ஊரே சேந்து தள்ளி வண்டியைக் கெளப்புச்சு. டிக்கெட் கிழிக்கிறப்ப நான் கேட்டேன்.

"ஆலங்குடியில என்ன சோலிங்க?"

"ஒரு சோலியும் இல்லை. திரும்பி வரணும், அதான்."

அன்னையிலேருந்து மேலப்பட்டியில கோயில் மண்டகப்படி மாதிரி முறை வச்சுக்கிட்டாங்க. தெனமும் ஒரு குடும்பம் பஸ்ஸுல ஏறியாகணும். ஏறாம விட்டா பஸ்ஸை வேற ஊருக்கு மாத்திருவாங்கன்னு பயம். போயி எறங்குவாங்க, ஒரு டீயைக் குடிப்பாங்க, அதே வண்டியில திரும்பி வருவாங்க. அம்பலம் தன் முறைக்கு வேட்டி சட்டை மாத்திக்கிட்டு, நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு வந்து ஏறுனாரு. "எங்க போறீங்க?"ன்னு கேட்டேன். "நீங்களே ஒரு ஊரு சொல்லுங்க" ன்னாரு.

கீழப்பட்டிக்காரங்களுக்கு இது காதுல விழுந்துச்சு. தங்களோட ஊருக்கு வர இருந்த பஸ்ஸை மேலப்பட்டிக்காரங்க பறிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும், அவங்களும் பாயைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. அங்கயும் நிப்பாட்டுனோம். அங்கயும் முறை வச்சு ஏறுனாங்க. மேலப்பட்டியில ரெண்டு பேரு ஏறுனா கீழப்பட்டியில நாலு பேரு. வண்டியில நிக்க எடமில்லாம ஆலங்குடிக்காரங்க நடந்து போனாங்க.

முதலாளி என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்லை. பஸ் கொட்டகையில என்னையப் பார்த்தா மொகத்தைத் திருப்பிக்குவாரு. என்னைக்குச் சீட்டைக் கிழிப்பாரோன்னு பயந்துக்கிட்டே டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு நாள் காலையில ஆள் விட்டுக் கூப்புட்டாரு. போனேன். நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்னாரு. அது வரைக்கும் அவரு முன்னாடி நான் உக்காந்ததே இல்லை.

"விராலிமலை ரோட்டுல நம்ம வண்டி காலியாவே ஓடுது. தெரியும்ல?"

"தெரியுங்க."

"நாளைக்கு அங்கிட்டு ஊரு ஊராப் போ. இனிமே பஸ்ஸு வராதுன்னு சொல்லிட்டு வா."

"அங்க வண்டி விடுறதையே நிப்பாட்டப் போறீங்களா?"

"இல்லைய்யா. இன்னொரு வண்டி விடப் போறேன்."