இடது முள்

‘டெலிவரி முடிந்தது’ என்று கைபேசியில் செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பெட்டியைத்தான் காணவில்லை.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேனேஜரான கௌஸ் முகம்மது கடையை மூன்று சுற்றுச் சுற்றினார். கல்லாவுக்கு அடியில் பார்த்தார். ஸ்பீக்கர் அங்கே நுழையாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

ஜப்பானிலிருந்து வர வேண்டிய சரக்கு அது. ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். ரூவி கடைத்தெருவில் அதே செட்டுக்கு அறுநூற்று இருபது ரியால் சொன்னார்கள். கௌஸ் பதினொரு நாள் இணையத்தில் துழாவி, ஒசாகாவில் யாரோ பாட்டுக் கேட்டுப் பழகிய செட்டை, அனுப்பும் கூலியோடு இருநூற்றுப் பத்துக்கு முடித்துவிட்டார்.

“ஜப்பான்காரன் பழசு, நம்ம ஊருப் புதுச விடப் புதுசா இருக்கும்” என்று மனைவி நஸீராவிடம் போனில் பீற்றிக்கொண்டார்.

“நீங்க செட்டு வாங்குறது இருக்கட்டும். லீவு வாங்கியாச்சா?” என்றாள் நஸீரா.

மகள் ரம்ஸியாவுக்கு வருகிற இருபத்தெட்டாம் தேதி காயல்பட்டினத்தில் நிக்காஹ். அந்த ஊரில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வரப்போகிற மாப்பிள்ளை பாட்டுக் கிறுக்கு. அவர் அறையில் வைக்கத்தான் இந்தச் செட்டு. லீவில் போகும்போது கையோடு கொண்டுபோவதாகத் திட்டம். கல்யாணச் சேதி முதலாளி காதுவரை எட்டியிருந்தது. ஆனாலும் லீவுக்கு முறைப்படி கேட்டு, அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கேட்க இன்னும் நாள் இருக்கிறது என்று கௌஸ் நினைத்திருந்தார்.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். இங்கெல்லாம் வீட்டு வாசலுக்குத் தபால் வராது. தபால் பெட்டி எண்தான் முகவரி. கௌஸ் கடையின் எண்ணைக் கொடுத்திருந்தார். அதன் சாவி முதலாளியின் டிரைவர் செய்கு அலாவுதீனிடம் இருந்தது. ராமநாதபுரத்துப் பையன், சுறுசுறுப்பானவன். அதுதான் வம்பாகப் போயிற்று.

“தம்பி, என் பேருக்கு ஏதும் பெட்டி வந்துச்சா?” என்று போனில் கேட்டார் கௌஸ்.

“வந்துச்சு காக்கா, மூணு. அர்பாப் வீட்டு மஜ்லிஸ்ல எறக்கிட்டேன். அவரே கத்தி வாங்கிப் பிரிச்சிட்டாரு. ஒங்கள ஒடனே வரச் சொன்னாரு.”

கௌஸ் லீவு விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு டாக்ஸி பிடித்தார். ஒரே நடையில் பெட்டியையும் மீட்டுக் கையெழுத்தையும் வாங்கிவிடலாம் என்று கணக்கு.

முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். எழுபத்தைந்து வயது அர்பாப், தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக, மஜ்லிஸ் என்கிற வரவேற்பு அறையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெர்மோகோல் துண்டுகள். ஆம்ப்ளிஃபையர் மேசைமேல் ஏறிவிட்டிருந்தது. கௌஸைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“கௌஸ் பாய், பத்தொம்பது வருஷமா எங்கிட்ட வேல பாக்குற” என்றார் தமக்குத் தெரிந்த இந்தியில். “என் சொந்தப் புள்ளைங்களே எனக்கு ஹதியா கொடுத்தது இல்ல. நீ ஜப்பான்ல இருந்து வரவழச்சிருக்க.”

அன்பளிப்பு என்று முடிவு கட்டிவிட்டார். கிழவரின் கண் வேறு கலங்கியிருந்தது. ‘ஐயா, இது என் மாப்பிள்ளைக்கு’ என்று சொல்ல கௌஸுக்கு நாக்கு எழவில்லை.

சரி, செட்டு போனால் போகிறது, லீவையாவது கேட்கலாம் என்று பைக்குக் கையைக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. ஒரு கையால் அன்பளிப்பும் மறு கையால் விண்ணப்பமும் நீட்டினால் அதற்குப் பெயர் லஞ்சம். பத்தொன்பது வருஷ மரியாதை என்னாவது? இரண்டு நாள் போகட்டும் என்று காப்பியைக் குடித்தார்.

அதற்குள் அலாவுதீன் ஆர்வக்கோளாறில் வயரைச் சுவரில் செருகிவிட்டான். ஜப்பானில் மின்சாரம் நூறு வோல்ட். மஸ்கட்டில் இருநூற்று நாற்பது. ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை.

கௌஸின் மனம் சட்டென்று குளிர்ந்தது. “நான் ரிப்பேருக்குக் கொண்டுபோறேன் அர்பாப். ரொம்ப நாளாகும். ஜப்பான் சாமான், பார்ட்ஸ் கெடைக்காது” என்றார். அப்படியே ஊருக்குக் கட்டிவிடலாம்.

“அலாவுதீன் கூட வருவான்” என்றார் அர்பாப். “சரியாகுற வரைக்கும் ரிப்பேர் கடையிலயே நிக்கட்டும்.”

அலாவுதீன் நின்றான். மெக்கானிக்கைவிட்டு அங்கே இங்கே நகரவில்லை. மூன்றாம் நாள் செட்டு சரியாயிற்று. ஃபியூஸ், உள்ளே கருகிய இரண்டு சாமான், மின்சாரத்தை நூறாகக் குறைக்கும் பன்னிரண்டு கிலோ டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே கௌஸ் செலவு. அன்பளிப்புக் கொடுத்தவர் ரிப்பேருக்குக் காசு கேட்க முடியுமா?

வியாழக்கிழமை மாலை அர்பாப் கூப்பிட்டு அனுப்பினார். தெருமுனையிலேயே ஊது வாத்தியமும் கைதட்டலும் கேட்டன. செட்டு முழு வேகத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் முகப்பில் இரண்டு நீலக் கண்ணாடிச் சன்னல்கள், உள்ளே பாட்டுக்குத் தக்கபடி ஆடும் இரண்டு முட்கள். அர்பாப் அவற்றையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கௌஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பணிவாகக் கேட்டார். “அர்பாப், மகளுக்கு இருபத்தெட்டு கல்யாணம். ஒரு மாசம் லீவு வேணும்.”

“ஜைன், ஜைன்” என்று தலையாட்டினார் அர்பாப். நல்லது என்று அர்த்தம். கௌஸ் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். வழக்கம் அப்படி. வாயால் கேட்க வேண்டும், அவர் ‘காகிதம் கொண்டா’ என்று சொல்ல வேண்டும், பிறகுதான் விண்ணப்பத்தை நீட்ட வேண்டும். சொல்லாமல் நீட்டினால் அதிகப்பிரசங்கித்தனம். இந்தக் கடையில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அர்பாப் ‘காகிதம்’ என்று சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபையரைக் காட்டி, “இடது முள் சோம்பேறி” என்றார்.

கௌஸ் அசந்துபோனார். இடது பக்கத்து ஓசை ஒரு நூலிழை குறைவு என்பது அவருக்கே இப்போதுதான் புலப்பட்டது. கிழவருக்கு என்ன காது, என்ன ரசனை என்று வியந்தபடியே கழற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

அன்று போனில் நஸீரா, “என்ன சொன்னாரு?” என்றாள்.

“இடது முள் சோம்பேறின்னாரு.”

“லீவுக்கு என்னங்க சொன்னாரு?”

“ஜைன்னாரு. செட்ட சரி பண்ணிட்டா குடுத்துருவாரு.”

“பந்தக்காரன் தேதி கேக்குறான், பிரியாணிக்காரன் தலை எண்ணிக்கை கேக்குறான். பொண்ணோட வாப்பா வருவாரா மாட்டாரான்னு எனக்கே தெரியல. நீங்க முள்ளுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருங்க.”

இடது முள் சரியாகி வந்தது. மறு வியாழக்கிழமை கௌஸ் மறுபடி கேட்டார். பாட்டுச் சத்தத்துக்கு மேலே கொஞ்சம் உரக்கவே கேட்டார். “ஜைன், ஜைன்” என்றார் அர்பாப். பிறகு வலது சன்னலின் விளக்கு மங்கல் என்றார். கௌஸ் விளக்கை மாற்றினார். புது விளக்கு அதிகப் பிரகாசம், அதனால் இடது சன்னல் மங்கலாகத் தெரிந்தது. அதையும் மாற்றினார்.

கௌஸுக்கு விஷயம் மெல்ல விளங்கியது. செட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விடும் என்றுதான் கிழவர் லீவுப் பேச்சை விழுங்குகிறார். தாமே வாங்கிய செட்டு, தாமே செய்த ரிப்பேர், அதுவே தம் காலைக் கட்டிப் போட்டுவிட்டது. நானூறு ரியால் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்ட புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது.

சரி, தாம் இல்லாமலும் செட்டு ஓடும் என்று காட்டிவிடலாம் என்று, ஒவ்வொரு பொத்தானுக்கும் அரபியில் சீட்டு எழுதி ஒட்டினார். அர்பாப் சீட்டுகளைப் படித்துப் படித்து எல்லாப் பொத்தானையும் திருகிப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு தடவை வந்த அழைப்பு தினம் இரண்டு தடவை வரத் தொடங்கியது.

இருபதாம் தேதி வந்துவிட்டது. ரம்ஸியாவே போனில் கூப்பிட்டாள். அழவில்லை. “வாப்பா, நீங்க வராட்டா என்னைப் பெரியப்பா கையால புடிச்சுக் குடுத்துருவாங்களாம். அது போதுமா எனக்கு?” என்று மட்டும் கேட்டாள். கௌஸ் கடையின் பின்பக்கம் போய், துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்று, நன்றாக அழுதார்.

அன்று மாலை அவர் மஜ்லிஸுக்குப் போனது செட்டைப் பார்க்க அல்ல. பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கௌஸ் அர்பாபின் முன்னால் போய் நின்று, பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

“அர்பாப், இந்தச் செட்டு உங்களுக்கு வாங்குனது இல்ல. என் மாப்பிள்ளைக்கு வாங்குனது. நீங்களே வச்சுக்குங்க. எனக்கு என் மக கல்யாணத்துக்குப் போகணும். லீவு கொடுங்க.”

அர்பாப் அன்பாக அவர் தோளைத் தட்டினார். “ஜைன், கௌஸ் பாய். ரொம்ப ஜைன்.” கண்கள் முட்களுக்குத் திரும்பிவிட்டன.

கல்மனசு என்று முடிவு செய்துகொண்டார் கௌஸ். வெளியே வந்து, முற்றத்துப் படியில் உட்கார்ந்து, லீவு விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே ராஜினாமாக் கடிதம் எழுதினார். வேலை போகட்டும், சர்வீஸ் பணம் வருவது வரட்டும், மகள் கல்யாணம் ஒரு தடவைதான். கார் துடைத்துக்கொண்டிருந்த அலாவுதீனிடம் அதை நீட்டினார்.

“அர்பாப் கிட்ட குடுத்துரு தம்பி. மூணு தரம் கேட்டுட்டேன். மனுஷன் எறங்கி வரல.”

அலாவுதீன் படித்தான். திருப்பி மறுபக்கத்தையும் படித்தான்.

“மூணு தரமா? எப்பக் கேட்டீங்க காக்கா?”

“எப்பன்னா? செட்டு பாடிக்கிட்டு இருக்கும்போதுதான். அப்பத்தான கூப்புடுறாரு.”

அலாவுதீன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“செட்டப் போட்டா கீச்சுங்குதுன்னு அர்பாப் காது மெஷினக் கழட்டிப் பையில வச்சிருவாரு காக்கா, அவருக்கு முள்ளு ஆடுறதப் பாத்தாப் போதும், பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு கௌஸ் ஏன் இன்னும் எங்கிட்ட லீவு கேக்கலன்னு ரெண்டு வாரமா என்னையில்ல கேட்டுக் கொல்லுறாரு.”