டிரைவரை நீக்கிய அப்பா

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியை நான் ஜெயித்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதையும் போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைவிட்டேன்.

எங்கள் மகள் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிறு காலையில் போன் பண்ணுவாள். அம்மாவும் பெண்ணும் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. கடைசியில், அப்பா நல்லா இருக்காரா என்று ஒரு கேள்வி. இருக்கார் என்று ஒரு பதில். என் பங்கு அவ்வளவுதான். எனக்கோ அவள் குரலைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. ஆனால் போனைக் கையில் கொடுத்தால் வாயில் வார்த்தை வராது.

அப்போதுதான் அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் வைஃபை படுத்தது. வைஃபையை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருளை நீக்கி, மறுபடி போட்டு, லேப்டாப்பை அணைத்து எழுப்ப வேண்டும் என்று மகள் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். அம்மாவுக்கு இல்லை, எனக்கு! அந்தக் கிழட்டு லேப்டாப் எழுவதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அந்த நேரமெல்லாம் என்னிடம் பேசினாள். மேலதிகாரியின் சிடுசிடுப்பு, ஜன்னலில் வந்து உட்காரும் புறா, கழுவாமல் கிடக்கும் பாத்திரம். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அதிலிருந்து ஞாயிறுதோறும், அவள் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், டிரைவரை நானே வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன். பாவம், எந்த முதலாளியும் ஒருத்தனை இத்தனை தடவை நீக்கிச் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

போன ஞாயிறும் நீக்கியாயிற்று. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைவியிடம் போய், வைஃபை மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது, பெண் கூப்பிட்டால் என்னிடம் கொடு என்றேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்த காயை வைத்தாள். கையைத் துடைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தட்டினாள், அணைத்தாள், எழுப்பினாள். வைஃபை வந்துவிட்டது.

"உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

"உங்க பொண்ணுதான். ஏங்க, வாரம் பூரா ஓடுற வைஃபை ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு போடுமா? பேசணும்னா பேச வேண்டியதுதானே. எதுக்கு அதைப் போட்டு வதைக்கிறீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். போன் அடித்தது. எடுத்து என் கையில் திணித்தாள்.

"அப்பாவா? வைஃபை போச்சாப்பா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு."

"அப்படியா..." என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். உன்னைப் பார்க்கணும் போல இருக்கும்மா என்பது தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சரிப்பா, அம்மாகிட்டக் குடுங்க என்றாள்.

போனை நீட்டினேன். மனைவி வாங்கவில்லை. லேப்டாப்பில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் தடவித் தடவிச் செய்கிற காரியத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு, பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"ஏங்க, இந்த வைஃபை மறுபடியும் போச்சுங்க. உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."