பெண் பார்க்கப் போன காது மிஷின்

காது மந்தமானவனுக்கு எல்லோரும் உதவி செய்வார்கள். ஆனால் கத்திக் கத்திச் செய்வார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம். அதனால் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் எனக்கென்று ரகசியம் எதுவும் இருந்ததில்லை. நான் கணக்கு எழுதிய மிளகு மண்டியில் முதலாளி என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னதெல்லாம் படகுத்துறை வரை கேட்கும். (அந்த மண்டி இப்போது ஹோட்டலாகிவிட்டது. சுக்கு மூட்டை கிடந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து சாயா குடிக்கிறார்கள். மிளகு வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.)

காதுக்குப் பின்னால் மாட்டும் இரண்டு மிஷின்கள்தான் அப்போது என்னை மனிதர்களோடு சேர்த்து வைத்திருந்தன. ஒரு மழை நாளில் அவை நனையக் கூடாதே என்று கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையையும் பத்திரமாகக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டேன். அம்மா அதை ஊறவைத்து, துவைக்கிற கல்லில் நாலு சாத்து சாத்திவிட்டாள்.

“கறுக்கு முறுக்குனு சத்தம் கேட்டுதுடா. மிட்டாயாக்கும்னு நெனச்சேன்” என்று என் காதருகே வந்து அழுதாள். (மீசை வைத்த பையனின் சட்டைப் பையில் மிட்டாய்! இவள்தான் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள்.)

எர்ணாகுளத்தில் ஒரு கடைக்குப் போய்ப் புது ஜோடிக்கு விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னது கேட்கவில்லை. எழுதிக் காட்டினார். பார்த்ததும் பேச்சும் நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆலுவாவில் பெண் பார்க்க ஏற்பாடு. அதற்குள் மலிவாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆன்லைனில் ஒரு மிஷின். சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். யார் காதுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. மாட்டிப் பார்த்தேன். மனிதப் பேச்சைத் தவிர எல்லாச் சத்தமும் பிரமாதமாகக் கேட்டது. சட்டை உரசினால் ஜல்லி லாரி கொட்டுவது போலிருந்தது. ஆனாலும் என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“காது விஷயத்தை அவாகிட்ட சொல்லியாச்சோ?” என்று கூட வந்த மாமாவிடம் கேட்டேன்.

“நான் பதமா பறஞ்சுக்கறேன். நீ மிண்டாம இரு” என்றார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

ஆற்றை ஒட்டிய வீடு. களமசேரியில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்ணின் அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஓடிய ஃபேன் என் காதுக்குள் ஹெலிகாப்டராக இறங்கியது. பெண் சுமா எங்களுக்குச் சாயா கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைத் திறந்தாள். நான் நழுவிய ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் அப்பா ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது இது:

“பாம்பு பிடிக்குமோ?”

ஆற்றங்கரை, மழைக்காலம். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

“ஐயோ, எனக்குப் பயமாக்கும். வீட்டுக்குள்ள வந்தா உடனே ஆளைக் கூப்பிட்டு அடிச்சு வெரட்டிடுவோம்” என்றேன்.

அவர் கேட்டது ‘பாட்டு பிடிக்குமோ’ என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுமா சுருதிப் பெட்டியை மூடினாள். பதமாகச் சொல்வதாக இருந்த மாமா சாயா டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. நன்றாகக் கேட்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்த பெட்டியின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். மிஷின் ‘கீ...’ என்று ஊளையிட்டது. குக்கர் என்று நினைத்து சுமாவின் அம்மா அடுக்களைக்கு ஓடினாள். அப்பா எழுந்து ஃபேனை நிறுத்தினார். மாமா போனை எடுத்து “ஹலோ, ஹலோ” என்றார். நான் பைக்குள் கைவிட்டு மிஷினை அணைத்துவிட்டு, எதிலும் சம்பந்தப்படாதவன் போலப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

சுமா மட்டும் என் சட்டைப் பையைப் பார்த்தாள். எழுந்து வந்து, உதடு தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்.

“காது கேக்காதோ?”

“கேக்காது.”

“அப்பா என்ன கேட்டார்னு நெனச்சேள்?”

“பாம்பு பிடிக்குமோன்னு.”

அவள் தோள் குலுங்கியது. மிஷினை அணைத்திருந்ததால் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அவமானத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தவன், அதைக் கேட்க முடியவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் வகுப்பில் காது மிஷின் போட்ட குழந்தை ஒன்று இருந்ததாம். “பழைய மிஷின் எங்க?” என்றாள். கைக்குட்டையில் அஸ்தி போல முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன்.

“ரிப்பேருக்குக் காட்டினேளோ?”

“இல்லை.”

“இந்தப் பெட்டி வாங்கறதுக்கு முன்னால காதை டெஸ்ட் பண்ணினேளோ?”

“இல்லை.”

“பவர் பாக்காம கண்ணாடி வாங்குவேளா?”

பெண் பார்க்கப் போன இடத்தில் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தையைக் காட்டும், காது சோதனை சொல்லித் தரும் கல்லூரி ஒன்றின் கிளினிக்குக்கு வழி சொன்னாள். மறுவாரம் போனேன். காதைச் சோதித்தார்கள். ஒரு மிஷினில் ஒலி வரும் பாகம் மட்டும் போயிருந்தது, மாற்றினார்கள். மற்றதைக் கல் கொன்றேவிட்டது. அதற்குப் பதில், யாரும் வாங்காமல் நின்றுபோன பழைய மாடல் ஒன்றை என் காதுக்கேற்றபடி அமைத்துத் தந்தார்கள். எல்லாம் என் சம்பளத்துக்குள் அடங்கியது.

மாட்டிக்கொண்ட கையோடு படகேறி, பஸ் பிடித்து ஆலுவா போனேன். “அன்னிக்குப் பாடாத பாட்டைக் கேக்கணும்” என்று வாசலிலேயே சொன்னேன். அவள் அப்பா என் காதுகளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

சுமா பாடினாள். இரண்டு இடத்தில் சுருதி நழுவியது. நழுவியது எனக்குக் கேட்டது! அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பாட்டும் பாடச் சொன்னேன். (சுருதி விஷயத்தை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.)

இப்போதும் விருந்தாளிகள் யாராவது சுமாவைப் பாடச் சொன்னால், எங்கள் மகள் முதலில் அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிடுவாள்:

“பயப்பட வேண்டாம். அப்பா ஆளைக் கூப்பிட மாட்டார்.”