சன்னல் வழியே வந்த துண்டு

ஒரு காட்டில் ஒரே ஒரு பேருந்துதான் ஓடியது. அதில் பெரிய வயிற்றோடு ஏறினாள் பூரணி என்ற புள்ளிமான். போன தடவை இதே வண்டியில் நின்றுகொண்டே போய்த்தான் குட்டி தங்காமல் போனது. "இந்தத் தடவையாவது உட்கார்ந்து வாம்மா" என்று டாக்டர் கொக்கு கண்டித்துச் சொல்லியிருந்தார். பூரணிக்கு ஏறும்போதே பயம்.

'கர்ப்பிணிகளுக்கு மட்டும்' என்று எழுதிய இருக்கையில் நரி நல்லமுத்து உட்கார்ந்திருந்தார். அதுவரை கரடியோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர்தான். பூரணியின் வயிறு படியில் தெரிந்ததும் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. கரடிக்கும் வந்தது. முயலுக்கும் வந்தது. அடேயப்பா, வண்டி முழுக்கக் குறட்டை!

"வயித்துப்புள்ளக்காரி நிக்கிறாங்க, யாராவது எந்திரிங்கப்பா" என்றது டிக்கெட்டைக் கொத்திக் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் மரங்கொத்தி. குறட்டை இன்னும் கூடியது.

அந்த வண்டியில் நிஜமாகவே தூங்கியது ஆந்தை ஒன்றுதான். பகல் நேரத்தில் அது வேறென்ன செய்யும்? நல்லமுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"பாருங்கய்யா அநியாயத்தை! புள்ளத்தாச்சி நிக்கிறா, இவன் தூங்குற மாதிரி நடிக்கிறான்!"

உடனே எல்லாருக்கும் விழிப்பு வந்தது. ஆளாளுக்கு ஆந்தையைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். பாவம், அது மன்னிப்புக் கேட்டபடியே சன்னல் வழியாகப் பறந்து போய்விட்டது. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் எல்லாரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பூரணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் காலி இருக்கைக்குப் போவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. சன்னல் வழியே ஒரு பச்சைத் துண்டு வந்து அந்த இருக்கையில் விழுந்தது. போட்டது ஒரு குரங்கு. போட்டுவிட்டு டீ குடிக்கப் போனது. அது திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பூரணி உட்காரப் போனாள்.

"அம்மா, அம்மா! துண்டு போட்டிருக்கு, தெரியலையா?" என்று பதறினார் நல்லமுத்து.

"ஆளுதான் ஏறலையே அண்ணே?"

"ஏறலைன்னா என்ன? போட்டது போட்டதுதானே! முறைன்னு ஒண்ணு வேணாமா?"

கண்டக்டரும் ஆமாம் என்று தலையாட்டியது.

துண்டு உட்கார்ந்து வந்தது. பூரணி நின்று வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் "ஐயோ, என் குட்டி" என்று அழுதாள். இறங்கும்போது, வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நல்லவேளை, துடிப்பு இருக்கு. திரும்பிப் போறப்பவும் நின்னா நான் பொறுப்பில்லை" என்றார் சோதித்துப் பார்த்த டாக்டர் கொக்கு.

சாயங்கால வண்டியிலும் அதே கூட்டம். பூரணி படிப்பக்கமே போகவில்லை. நேராகச் சன்னலுக்குப் போய்த் துண்டை உள்ளே ஒரு காலி இருக்கையில் வீசினாள். அந்த இருக்கையில் உட்காரக் குனிந்த நல்லமுத்து, நெருப்பில் கால் வைத்தவர்போல் துள்ளி விலகினார்.

பூரணி மெதுவாக ஏறி வந்தாள். நல்லமுத்து துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வழிவிட்டார்.

"அடடா, இது உங்க துண்டாம்மா? காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த வயித்தோட நிக்க விட்டிருப்போமா?"

நீதி: வயிற்றில் குட்டி இருந்தால் போதாது, கையில் துண்டு இருக்க வேண்டும்.