குறிப்பேட்டில் கால் வைக்கும் முறை

கப்பல் ஓட்டுகிறவர்களைவிடக் கட்டுப்பாடு மிகுந்தவர்கள், கப்பலைக் கட்டியே வைத்திருப்பவர்கள். வட ஜெர்மனியில் லிண்டன்ஹாஃபன் என்ற சிற்றூரின் கால்வாய்க் கரையில் அப்படிப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு படகு. கரையில் இடம் போதாததால் படகுகளை மூன்று மூன்றாக, ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் இரண்டு ஆள் ஆழம். அலை என்று ஒன்று அடித்தால் பக்கத்தில் வாத்து திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் காலை எட்டு மணிக்குக் கொடி ஏறும், பொழுது சாயும்போது இறங்கும். எதிரே யாராவது வந்தால் நெற்றியில் கைவைத்து "அஹோய்" என்பார்கள். சமுத்திரம் அங்கிருந்து நூற்றிருபது மைல் தள்ளி இருந்தது.

1969-ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்தக் கடற்படையில் முப்பத்திரண்டாவதாக வந்து சேர்ந்தவன் திருச்சி சந்திரமௌலி. ஊரில் இருந்த சாயத் தொழிற்சாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவனுக்கு வேலை. வேலை கிடைத்தது, அறை கிடைக்கவில்லை. வாசலில் "அறை காலி" என்று பலகை தொங்கும். கதவைத் திறந்து இவன் முகத்தைப் பார்த்ததும், அந்த அறை ஐந்து நிமிஷம் முன்னால்தான் போய்விட்டது என்பார்கள். பதினோரு வீடுகளில் பதினோரு அறைகள் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால் போயின. கடைசியில், ஊர் மாறிப் போன சக ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் பழைய படகை இவனிடம் விட்டுப் போனார். படகின் பெயர் ஹெல்கா-2. ஹெல்கா-1 என்ன ஆயிற்று என்று இவன் கேட்டுக்கொள்ளவில்லை.

தனி ஆளாக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சந்திரமௌலிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று நாள் குடித்தனம் நடத்திவிட்டு விமானம் ஏறியிருந்தான். மனைவி கிரிஜா திருச்சியில் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாரம் தவறாமல் கடிதம் வரும். கடிதத்தின் கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "எப்போ கூப்பிடப் போறீங்க?"

மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, வெளிநாட்டாரைக் கவனிக்கும் அந்நியர் அலுவலகத்துக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்கள் மனைவி எங்கே வசிப்பார்?"

"என்னோடு, படகில்."

"படகு வீடு அல்ல."

"நான் அதில்தானே வசிக்கிறேன்?"

"அது உங்கள் சொந்த விஷயம். மனைவி அலுவலக விஷயம்."

இருந்தாலும் அதிகாரி இரக்கம் உள்ளவர். ஒரு வழி சொன்னார். அந்தப் படகு அந்த இடத்தில் முறைப்படி, நிலையாக, மரியாதையாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று படகு உரிமையாளர் சங்கம் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தால், படகை வீடாகக் கருதுவதா என்று பரிசீலிப்பதைப் பற்றி யோசிக்கலாம். சங்கம் சான்றிதழ் கொடுப்பது ஓர் ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு. அதற்குள் புது உறுப்பினர் படகு நாகரிகத் தேர்வில் தேற வேண்டும்.

சங்கத் தலைவர் ஹெர் பிரிங்க்மன், ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ்காரர். தங்கப் பட்டை போட்ட மாலுமித் தொப்பி அணிவார். அவருடைய படகு 'எர்னா' கரையை ஒட்டி முதலாவதாக நின்றது. அடுத்தது காரியதரிசி ஃப்ராவ் டீட்ஸின் 'கடற்கழுகு'. மூன்றாவது ஹெல்கா-2. ஆக, சந்திரமௌலி கரைக்குப் போகவும் வரவும் இரண்டு அதிகாரிகளின் தளத்தை மிதித்துத்தான் ஆக வேண்டும்.

மிதிப்பதற்கு நாற்பத்திரண்டு விதிகள். முன்பக்கத்துத் தளத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். பின்பக்கம் போனால் திருடன். ஜன்னலுக்குள் பார்க்கக் கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டும். இந்த மூன்றாவது விதி நம்மவனுக்குப் பால் குடித்த மாதிரி. மற்ற நாற்பத்தொன்றையும் மனப்பாடம் செய்தான்.

எர்னாவின் முன்தளத்தில் ஒரு மடக்கு நாற்காலி, அதன் காலடியில் ஒரு தடித்த புத்தகம். அதுதான் படகுக் குறிப்பேடு. தினம் மாலையில் ஹெர் பிரிங்க்மன் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அதில் எழுதுவார்: "வானிலை நன்று. நகரவில்லை." மழை பெய்தால் முதல் பாதி மாறும். இரண்டாம் பாதி பதினோரு வருஷமாக மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை சந்திரமௌலி தோளில் அரிசி மூட்டையும் கையில் தக்காளிக் கூடையுமாக வந்தான். கீழே பார்க்க முடியவில்லை. கால் நச்சென்று குறிப்பேட்டில் பட்டது. அவ்வளவுதான், உடம்பு பதறிவிட்டது. புத்தகத்தில் கால் பட்டால் சரஸ்வதியை மிதித்த மாதிரி என்று சிறு வயதில் வாங்கிய குட்டுகள் தலையில் இன்னும் மிச்சம் இருந்தன. மூட்டையை இறக்கினான், குனிந்தான், புத்தகத்தைத் தொட்டான், கண்களில் ஒற்றிக்கொண்டான். யோசித்துச் செய்ததல்ல, தும்மல் வருகிற மாதிரி வந்தது.

நாற்காலியில் இருந்த ஹெர் பிரிங்க்மன் தொப்பியைக் கழற்றினார்.

"இப்போது நீங்கள் செய்தது என்ன?"

"மன்னிக்கணும். மரியாதை."

"என் குறிப்பேட்டுக்கா?"

"ஆமாம்."

பிரிங்க்மனின் கண்கள் கலங்கின. பதினோரு வருஷத்தில் அந்தக் குறிப்பேட்டைச் சொந்த மனைவி எர்னாகூடப் புரட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவர் கடற்கழுகுக்குப் போய் ஃப்ராவ் டீட்ஸின் குறிப்பேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பக்கத்துப் படகுக்காரர் பார்த்தார். இரண்டே வாரத்தில் கால்வாய்க் கரை முழுக்க எல்லாரும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். செய்யாதவன் நாட்டுப்புறத்தான் என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை, "நம் மாலுமிகளின் பண்டைய வழக்கம்" என்று படம் போட்டது. பண்டைய வழக்கத்துக்கு அப்போது வயது பத்தொன்பது நாள்.

ஒரு வழக்கம் என்று ஏற்பட்டுவிட்டால் அதை ஒழுங்குபடுத்தாமல் விடுவது ஆபத்து. சங்கம் ஓர் உபகுழு அமைத்தது. முதலில் எந்தக் கண்ணில் ஒற்றுவது? வலமா, இடமா? மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா, கண்ணாடிமேலேயே ஒற்றலாமா? ஃப்ராவ் டீட்ஸ் கண்ணாடி அணிந்தவர் ஆகையால் இந்த ஒரு கேள்விக்கே மூன்று கூட்டங்கள் ஆயின. நான்காவது கூட்டத்துக்கு நிபுணர் என்ற முறையில் சந்திரமௌலியை அழைத்தார்கள்.

"கால் படாமல் ஒருவர் தாண்டிப் போனால் அப்போதும் தொட வேண்டுமா?" என்று கேட்டார் பிரிங்க்மன்.

சந்திரமௌலி விஞ்ஞானி. உள்ளதைச் சொன்னான். "வேண்டாம். கால் பட்டால்தான்."

"கால் படாவிட்டால் மரியாதை இல்லை, அப்படித்தானே?"

"இல்லை, கால் படாவிட்டால் மரியாதை செய்ய வேண்டிய தேவை..."

"புரிந்தது. ஃப்ராவ் டீட்ஸ், எழுதுங்கள். கால் படாவிட்டால் மரியாதை இல்லை."

இப்படியாக விதி நாற்பத்து மூன்று பிறந்தது. பிறர் படகைக் கடக்கிறவர், தளத்தில் வைத்துள்ள குறிப்பேட்டின்மேல் தம் வலது பாதத்தை முதலில் வைக்க வேண்டும். பின்பு குனிந்து தொட்டு, இடக்கண், வலக்கண் என்ற வரிசையில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பாதத்தை வைக்காமல் தாண்டிச் செல்வது படகு உரிமையாளரை அவமதிப்பதாகும்.

முப்பத்தொரு பேரும் மறுநாளே புத்தகங்களை மிதிக்கத் தொடங்கினார்கள். மிதித்து மிதித்துக் குறிப்பேடுகள் கிழிந்தன. கரையில் கயிறும் வர்ணமும் விற்கிற கடைக்காரர் உடனே நீல பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம் ஒன்றை வரவழைத்தார். அதில் ஒன்றும் எழுத வேண்டாம், மிதிக்க மட்டும். கோடைக்குள் அது மூன்று நிறங்களில் கிடைத்தது. பிரிங்க்மன் மட்டும் தம்முடைய அசல் குறிப்பேட்டையே போட்டு வைத்தார். தலைவர் இல்லையா.

மிதிக்க முடியாமல் தவித்தவன் ஒருவன்தான். சந்திரமௌலி தினம் காலை எர்னாவின் விளிம்பில் பூனை மாதிரி நடந்து குறிப்பேட்டைச் சுற்றிப் போனான். தெரியாமல் படுவது வேறு. வேண்டுமென்றே புத்தகத்தின்மேல் காலைத் தூக்கி வைப்பது எப்படி? கால் எழும்பவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு தடவையும் பிரிங்க்மன் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் மாதம் தேர்வு. நாற்பத்திரண்டு விதிகளிலும் தேறினான். நாற்பத்து மூன்றில் தோற்றான்.

"இந்த வழக்கம் எங்கள் நாட்டுடையது, ஹெர் பிரிங்க்மன்" என்று கெஞ்சினான். "அதில் காலை வைப்பது இல்லை. காலை வைக்காமல் இருப்பதுதான் வழக்கம்."

பிரிங்க்மன் அவனை அன்போடு பார்த்தார். "உங்கள் நாட்டிலும் இதைப்போல ஏதோ இருக்கலாம், ஹெர் மௌலி. மறுக்கவில்லை. ஆனால் இங்கே வாழ வந்தவர் இங்கத்து வழக்கத்தைத்தான் கற்க வேண்டும். மார்ச்சில் மறுதேர்வு."

கிரிஜாவின் கடிதம் வந்தது. கடைசி வரிக்குக் கீழே முதல் தடவையாக இன்னொரு வரி: "இங்கே எல்லாரும் ஒரு மாதிரி கேட்கிறார்கள்." சந்திரமௌலி அந்த வரியை எத்தனை தடவை படித்தானோ, அன்று சமைக்கவில்லை. தெற்கே டார்ம்ஸ்டாட் நகரில் படிக்கும் நண்பன் பார்த்தசாரதிக்குப் போன் போட்டான்.

"டேய், இதுல என்னடா prestige? Just கண்ணை மூடிண்டு மிதி" என்றான் பார்த்தசாரதி. "பொண்டாட்டி முக்கியமா, புத்தகம் முக்கியமா? அதுவும் ஒண்ணுமே எழுதாத புத்தகம்."

"எழுதியிருக்குடா. 'நகரவில்லை'ன்னு எழுதியிருக்கு."

"அப்ப மிதிச்சாலும் ஓடாது. தைரியமா மிதி."

அன்றே நீல உறைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். முதலில் செய்தித்தாளை மிதித்துப் பழகினான். பிறகு டெலிபோன் டைரக்டரி. பிறகு நீலப் புத்தகம். முதல் வாரம் பாதத்தை வைக்கும்போதெல்லாம் வாய் தானாக "மன்னிச்சுக்கோ தாயே" என்றது. மூன்றாம் வாரம் வாய் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியில் கால் அழகாக எழுந்தது, அழகாக இறங்கியது. பிப்ரவரியில் அவன் நடையைப் பார்க்க மற்றப் படகுக்காரர்கள் வந்தார்கள்.

மார்ச் மறுதேர்வில் நூற்றுக்கு நூறு. பிரிங்க்மன் கைகுலுக்கினார். "இப்போது நீங்கள் எங்களில் ஒருவர்." சான்றிதழ் வந்தது. அதை வைத்து அந்நியர் அலுவலகம் படகை வீடாகக் கருதியது. 1970 ஜூன் மாதத்தில் ஒரு வெயில் நாளில் கிரிஜா ரயிலில் வந்து இறங்கினாள்.

அவளைப் பார்த்ததும் சந்திரமௌலி பெட்டியை வாங்கிக்கொண்டு, மறுபடி கீழே வைத்து, மறுபடி தூக்கினான். பஸ்ஸில் கிரிஜா கைப்பையில் இருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் கத்தரித்தது.

"அப்பா உங்ககிட்ட காட்டச் சொன்னார். இந்த ஊர்ல புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திப்பாங்களாமே? வெள்ளைக்காரன் எப்படி மரியாதை குடுக்கறான் பாரு, நம்ம ஊர்ல எவனுக்கு இந்த பண்பாடு இருக்குன்னு நாலு நாளா புலம்பினார். போய் அவங்ககிட்ட கத்துக்கோன்னார்."

சந்திரமௌலி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கரையில் முப்பத்தொரு படகுகளிலும் கொடி பறந்தது. ஒரு மாலுமியின் மனைவி வருகிறாள் அல்லவா? எர்னாவின் தளத்தில் பிரிங்க்மன் தொப்பியோடு விறைப்பாக நின்றார். பக்கத்தில் ஃப்ராவ் டீட்ஸ். கிரிஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கூட்டத்தில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. தளத்தில் ஏறினாள். வழியில் குறிப்பேடு கிடந்தது.

கிரிஜா நின்றாள். "ஐயோ, யாரு புத்தகத்தைக் கால்ல படற மாதிரி போட்டு வெச்சிருக்கறது?" என்றாள். செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து குறிப்பேட்டைக் கையில் எடுத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள்.

முப்பத்தொரு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஃப்ராவ் டீட்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிரிங்க்மன் முகம் சிவந்துவிட்டது.

"கிரிஜா" என்றான் சந்திரமௌலி, பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கறாங்க. அதைக் கீழ வை."

"கீழயா? மிதிபட்டுடுமே."

"கீழ வைன்னா வை. வெச்சுட்டு வலது காலை எடுத்து வெச்சு வா. அது மேல."

கிரிஜா அவனைத் தலை முதல் பாதம் வரை பார்த்தாள். பாதத்தில் வந்து பார்வை நின்றது.

"நீங்க வெச்சீங்களா?"

"Hundred out of hundred" என்றான் சந்திரமௌலி. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது அவன் காதிலேயே விழுந்தது. விழுந்த பிறகு அவனால் தலை நிமிர முடியவில்லை.

கிரிஜா பெட்டியை நடுத்தளத்தில் இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குறிப்பேட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிரிங்க்மன் விதிகளைப் புரட்டினார். புது மணப்பெண் தளத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நாற்பத்து மூன்றிலும் இல்லை. வெயில் சாய்ந்தது. ஒவ்வொரு படகிலும் கொடி இறங்கியது. குறிப்பு எழுத வேண்டிய நேரமும் வந்தது, புத்தகம் வரவில்லை.

"ஹெர் மௌலி, ஏதாவது காகிதம்" என்று கை நீட்டினார் பிரிங்க்மன்.

சந்திரமௌலியின் சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு காகிதம். மாமனாரின் பண்பாட்டைப் பிரித்துக் கொடுத்தான். பிரிங்க்மன் அதன் பின்பக்கம் திருப்பி, பென்சிலைக் கூராக்கி எழுதினார்:

"வானிலை நன்று. நகரவில்லை."