உத்தம இஸ்திரி

என் மனைவியைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தேன். பத்தே நாளில். அவளுக்கே தெரியாமல்.

திருத்துவது எனக்குத் தொழில். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, யாரும் படிக்காத தாள், அதை அச்சுக்குப் போகும் முன் படிக்கிற ஆள் நான். கொஞ்சம் கண் அசந்தால் 'தலைவலி வரலாம்' என்பது 'தலைவி வரலாம்' என்று போய்விடும். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக எழுத்தைத் திருத்துகிறேன். கல்யாணமாகியும் அதே இருபத்திரண்டு வருஷம். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கால்புள்ளியைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின். ஒருவர் வாசலில் வந்து நின்றாலே எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொள என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான முதல் வாரமே என்னை அளவெடுத்து முடித்துவிட்டாள்.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, வலது கண்ணுல கறுப்பா ஒரு திரை இறங்குது" என்றாள். விழித்திரை கிழிந்திருந்தது. மறுநாளே ஆபரேஷன்.

"கண்ணுக்குள்ள ஒரு காத்துக்குமிழி விட்டிருக்கோம்" என்றார் டாக்டர். "அது மேல ஏறி விழித்திரையை அழுத்திப் பிடிக்கணும். அதனால பத்து நாள் தலையைக் குனிஞ்சே இருக்கணும். படுத்தாலும் குப்புறத்தான். படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது, நிமிரவே கூடாது."

நான் டாக்டரையே பார்த்தேன். என் மனைவி தலை குனிவதா? கல்யாண போட்டோவிலேயே நிமிர்ந்து பார்த்து, "லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள்!

பகலில் துணைக்கு அவள் தங்கை வந்தாள். வரும்போது செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகமும் கொண்டுவந்தாள். மறுபிறவிக் கதை. ஓர் இளவரசி, ஓர் இளவரசன், ஐந்து பிறவி, அறுநூறு பக்கம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து நான் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

சாப்பாட்டு மேசையில் தலையணை. அதில் நெற்றியைப் பதித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய பின்னந்தலை மட்டும்தான்.

"'இளவரசியின் முகம் நிலவைப் போல் வெளுத்திருந்தது.' ரத்தசோகையா இருக்கும்."

"மாத்திரைத் தாள் மாதிரி படிக்காதீங்க. காதல் கதை அது."

அந்த இளவரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வியர்க்காது. நடந்தால் பாதத்தில் தூசு ஒட்டாது. அழுதால் ஒரே ஒரு சொட்டு, அதுவும் இடது கண்ணில் மட்டும். எத்தனை பிறவி எடுத்தாலும் அதே ஆளைத்தான் காதலிப்பாள். ஒரு தடவைகூட அவனை "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டதில்லை. அந்த இடத்தில் நான் பெருமூச்சு விட்டேன்.

இரண்டாம் நாள் வாய் குழறியது. 'அவள் ஓர் உத்தம ஸ்திரீ' என்று இருந்ததை, 'உத்தம இஸ்திரி' என்று படித்துவிட்டேன்.

"என்னது? இளவரசி இஸ்திரி போடுவாளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது.

"ஆமா. அப்படித்தான் போட்டிருக்கு. 'புருஷன் கண் விழிக்கும் முன்பே அவன் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள்.'"

"அரண்மனையில வேலைக்கு ஆள் இல்லையா?"

"'ஆயிரம் பணிப்பெண்கள் இருந்தும் தன் கையாலேயே போடுவாள்.'"

"அடேயப்பா!" என்றாள், தரையைப் பார்த்து.

அப்புறம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இரண்டாம் பிறவியில் இளவரசி விடியற்காலையில் டீ போட்டாள். கூடவே இரண்டு பிஸ்கட். மூன்றாம் பிறவியில் இளவரசன் பேப்பர் படிக்கும்போது பேச்சே கொடுக்கவில்லை. அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் முகம் மலர எடுத்துக் காயப்போட்டாள். நான் படிக்கப் படிக்க என் மனைவியின் தோள் குலுங்கியது.

"அழறியா?"

"ம்" என்றாள் தலையணைக்குள். "எனக்கும் அவளை மாதிரி ஆகணும்ங்க."

ஜெயித்துவிட்டேன்! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"ஆனா பாருங்க, டாக்டர் இப்படிக் கட்டிப் போட்டுட்டாரு. நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டினா, சத்தத்தைக் கேட்டே கத்துக்குவேன்."

நியாயம்தானே? இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

"அவ காலர்ல இருந்து ஆரம்பிப்பாளா, கையில இருந்தா?"

"'காலரிலிருந்து'ன்னு போட்டிருக்கு."

"அப்ப நீங்க ஏன் கையில இருந்து ஆரம்பிக்கிறீங்க? சத்தமே சரியில்லையே."

மறுநாள் டீ. அதற்கு மறுநாள் துண்டு. முகம் மலர்ந்ததா என்று தங்கையைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். கற்றுக்கொள்வதில் அவளுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் தினமும் ஒருமுறை கேட்டால்தான் மனதில் பதியுமாம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் நான் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மச்சினி வந்து பார்த்துவிட்டு, "மாமா, உங்க பாதத்துல தூசே ஒட்டலையே!" என்றாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் நான் புத்தகத்தைத் திறக்கும் முன்பே கூப்பிட்டாள்.

"என்னங்க."

"சொல்லு."

"கண்ணு சரியாகலைன்னா?"

தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

எங்கள் தாள்களில் இப்படிப்பட்ட இடத்தில் 'மருத்துவரை அணுகவும்' என்று போடுவோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் தோளில் கை வைத்து, "ஆகும்" என்றேன்.

"மெஷின் ஓடாம கிடக்குறதைக் கேட்கவே முடியலைங்க" என்றாள்.

ஏழாம் நாள் தங்கையோடு பரிசோதனைக்குப் போய் வந்தாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நல்லா ஒட்டிக்கிட்டிருக்காம். இன்னும் கொஞ்ச நாள் பார்த்து இருக்கணுமாம்" என்றாள் மேசையிடம். பழையபடி தலையணை, பழையபடி கதை.

ஒன்பதாம் நாள் காலை, டீ கொதிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். ஐந்தாம் பிறவியில் இளவரசனுக்காக அழுது அழுது அந்தப் பெண்ணுக்குப் பார்வையே போய்விடுகிறது. அவன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. செத்துப்போகிறாள்.

டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

வேலையில் ஒரு வாக்கியம் எவ்வளவு தப்பாக இருந்தாலும் அடிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான். அன்றைக்கு ஓர் அத்தியாயத்தையே அடித்துவிட்டேன். சாயங்காலம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

உத்தமக் குணமெல்லாம் கையிருப்பில் தீர்ந்துபோயிருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பெண்ணைச் சொன்னேன். ஐந்தாம் பிறவியில் அவள் நூல் நுனியை உதட்டில் நனைத்து ஒரே குத்தில் ஊசியில் கோத்துவிடுவாள். ஜோக் சொல்ல ஆரம்பித்தால் முடிக்கும் முன் அவளே சிரித்துவிடுவாள். அவன் இந்தப் பிறவியில் இளவரசன் இல்லை. கால்புள்ளி பொறுக்குகிற சாதாரண ஆள். நாலு பிறவி அலைந்துவிட்டு ஒருநாள் அவள் வாசலில் வந்து நிற்கிறான். அவள் இடுப்பில் கை வைத்து, இரண்டு கண்ணாலும் அவனை நன்றாகப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்கிறாள். அவன் இத்தனை காலம் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கண்ணைத் திறந்தேன். மேசைமேல் குனிந்த தலை அசையவில்லை. தோளும் குலுங்கவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "பிரமாதம். குமிழி கரையக் கரையப் பார்வை தெளிஞ்சிடும். ஒரு மாசம் போனா தைக்கலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் மேலும் ஒரு வாக்கியம் சொன்னார்: "ஏழாம் நாளே நிமிரலாம்னு சொன்னேனே, கழுத்து வலியெல்லாம் போயிடுச்சா?"

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்த எழுத்து அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்ப நேத்து சாயங்காலம்?"

"நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கதான் கண்ணை மூடியிருந்தீங்க. நீங்க திறக்கறதுக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன். புத்தகமும் மூடியிருந்துச்சு."

"கதையை நான் மாத்தினது தெரியுமா உனக்கு?"

"தங்கச்சி பகல்லேயே எல்லா அத்தியாயத்தையும் படிச்சுக் காட்டிடுவா. சாயங்காலம் உங்க அத்தியாயத்தைக் கேட்டுத் தலையணையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன்." என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "நேத்து மத்தியானம் இளவரசி செத்துப்போனதைப் படிச்சுட்டு ரெண்டு பேரும் அழுதுக்கிட்டிருந்தோம். சாயங்காலம் நீங்க வந்து உயிரோட எழுப்பிட்டீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிமிரலாம்னு தெரிஞ்சும் மூணு நாள் குனிஞ்சே இருந்தியேம்மா. என் கதைக்காகத்தானே?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"டாக்டர் நிமிரலாம்னுதான் சொன்னாரு; எழுந்து வேலை செய்யலாம்னு சொல்லலையே!"