ஏணி பிடித்தவர்

பெருமக்களே, இன்று நாம் ஆராயப்போகும் உயிரினம் கூட்டு வலைச் சிலந்தி. ஒரு புதரையே போர்த்தி நூற்றுக்கணக்கில் குடியிருக்கும். சேர்ந்து நெய்யும், சேர்ந்தே வெட்டுக்கிளியைச் சாய்க்கும். ஆனால் கூட்டத்தில் சிலது, மல்லுக்கட்டும்போது ஓரமாக நின்றுவிட்டுப் பந்திக்கு மட்டும் முந்திக்கொள்ளும்.

அதன் இரண்டு கால் வகை ஒன்று எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் வாழ்கிறது. பட்டப்பெயர், ஏணிக்காரர்.

துறைக்குப் பின்னால் வேலியில் அப்படியொரு சிலந்திக் குடியிருப்பு. மூன்று மாதமாகத் தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, கழுத்து வலிக்க ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் குறித்தவர் ஆய்வக உதவியாளர் அக்கா. அது அவருடைய உழைப்பு என்று கல்லூரி இயக்குநர் ஒப்புக்கொண்டால் அக்காவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம்மவர் ஏணியைப் பிடித்தது ஒரே ஒரு நாள். அதுவும் ஒற்றைக் கையால். மறு கையில் டீ.

அன்றிலிருந்து "நம்ம சிலந்தி", "நம்ம ஆராய்ச்சி". மின்விசிறி பழுது நீங்கினால் "நான்தான் சொல்லி வெச்சேன்." மழை பெய்தால்கூட முகத்தில் ஓர் அடக்கமான புன்னகை! அறிக்கையின் முகப்பில் அவர் பெயர் மேலே. அக்கா பெயர் கீழே, 'உதவி' என்று பொடி எழுத்தில்.

"எண்ணினது நான் சார்."

"ஏணி ஆடியிருந்தா எண்ணியிருப்பியாம்மா?"

இயக்குநர் அம்மா பார்வையிட வந்தார். பெரியவங்க வர்றாங்களே என்று தோட்டக்காரர் அன்று காலையில்தான் வேலியை அழகாகக் கத்தரித்திருந்தார், பாதி வலையோடு சேர்த்து.

"இந்த வேலையைச் செஞ்சது யாரு?" என்றார் இயக்குநர்.

தோட்டக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் ஏணிக்காரரின் பழக்கதோஷம் ஓரடி முன்னால் வந்து நின்றது.

"நான்தான் மேடம். எல்லாம் என் மேற்பார்வைல."

"பாதிக் கூட்டை வெட்டிப் போட்டதா?"

"அது... கூட்டு முயற்சி மேடம்."

"அடக்கமா பேசாதீங்க சார்," என்றார் அக்கா. "இதுல எங்க பங்கு ஒண்ணுமே இல்ல."

"வெட்றதுக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சு?" என்று இயக்குநர் ஏணிக்காரரைக் கேட்டார்.

ஏணிக்காரர் ஏணியைப் பார்த்தார். ஏணி வாய் திறக்கவில்லை.

"நேத்து காலைல அறுநூத்துப் பதினாலு மேடம்," என்று நோட்டை விரித்தார் அக்கா. "மிச்சத்தை இப்பவே எண்ணட்டுமா?"

இயக்குநர் பேனாவை எடுத்தார். அறிக்கையின் முகப்பில் மேலே இருந்த பெயரை அடித்தார். பிறகு, "ஏறும்மா," என்று ஏணியைத் தானே பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

சிரிக்கிறீர்களா? நாளை இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது, "நானும் இதை எழுதினவரும் பேசிக்கிட்டிருந்தப்போ வந்த யோசனை இது" என்று வாயில் வந்தால், தயவுசெய்து கொஞ்சம் குனிந்து, கால்கள் இரண்டா எட்டா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.